மின்காந்தமும் வரிச்சுருளும்: ரோபோப் போட்டி விதிகளைப் பொருள்கொள்ளும் முறை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்வோர், விஞ்ஞானத்திற்குப் பெயர்பெற்ற பல இடங்களை அடுத்தடுத்துக் காண்பர். நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் திரவ உந்துமுறை மையமும், விண்வெளி விஞ்ஞானத்தையும் தொழில் நுட்பத்தையும் கற்பிக்கும் உயர்கல்வி நிலையமும் உள்ளன. விதுராவை அடுத்துப் பொன்முடியின் அடிவாரத்தில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. பொன்முடிக்குத் தென்கிழக்கே உயர்ந்து நிற்கும் அகத்தியமலையின் உச்சியில், திருவனந்தபுரம் வான்நோக்கு நிலையத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் புரூன் என்பார் 1855-ஆம் ஆண்டில் பூமியின் காந்தத்தை அளப்பதற்கென்றே ஒரு நிலையத்தை நிறுவினார். காந்த ஆராய்ச்சி இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று.

இன்று அதே காந்தம் பள்ளி மாணாக்கரின் கையில் வேறோர் உருவில் வந்திருக்கின்றது. கேரள மாநிலத்தில் 2025–26-ஆம் கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பு மாணாக்கர் அனைவரும் ரோபோ எனப்படும் தானியங்கு யந்திரத்தைப் பற்றிக் கற்க வேண்டுமென விதிக்கப்பட்டது. பாடம் வந்தால் போட்டியும் வரும்; போட்டி வந்தால் விதியும், விதி வந்தால் அதன் பொருளைப் பற்றிய சந்தேகமும் உடன் வரும். அவற்றுள் அடிக்கடி எழும் சந்தேகம் ஒன்று உண்டு. “விதிநூலில் சாலினாய்டு இன்ன அளவுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கின்றது. நாங்கள் அமைத்திருப்பது மின்காந்தம். இது செல்லுமா, செல்லாதா?” என்பதே அது.

இதற்கு விடை தவறிப்போனால் நேரும் நஷ்டம் சிறிதன்று. பல மாதங்கள் உழைத்து யந்திரத்தைச் செய்த சிறுவர் குழு, போட்டி நாளன்று காலைச் சோதனையிலேயே விலக்கப்படலாம். விதியின் எழுத்தைக் காட்டி அனுமதி பெற்ற மற்றொரு குழுவின் சுருள் சூடேறி ஒருவர் கையைச் சுடலாம். ஆகவே இவ்விஷயத்தை ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

ஒரு சொல், மூன்று பொருள்

மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்தமுள் திரும்புவதை டென்மார்க் நாட்டு அறிஞர் அயர்ஸ்டெட் 1820-இல் வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர், திருகுபோல் சுற்றப்பட்ட கம்பிச் சுருளுக்குச் ‘சாலினாய்டு’ எனப் பெயரிட்டார். குழாய் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 1825-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டர்ஜன், குதிரை லாட வடிவமான தேனிரும்பின்மீது கம்பியைச் சுற்றி மின்சாரம் செலுத்தினார். ஏறக்குறைய 200 கிராம் எடையுள்ள அவ்விரும்பு 9 பவுண்டு எடையைத் தூக்கிற்று. மின்காந்தம் பிறந்த வரலாறு இதுவே.

பாடநூல்களில் இவ்விரண்டும் தெளிவாகவே பிரிக்கப்பட்டுள்ளன. வெறுஞ் சுருள் வரிச்சுருள். அதனுள் இரும்பு நிலையாக வைக்கப்பட்டால் அது மின்காந்தம். ஆனால் தொழிற்கூடத்திலும் போட்டி விதிநூலிலும் ‘சாலினாய்டு’ என்னும் சொல் வேறு பொருள்களில் வழங்குகின்றது. முதலாவது, சுருளும் அதனுள் முன்னும் பின்னும் ஓடும் இரும்புத் தண்டும் சேர்ந்த இயக்கி. மின்சாரம் பாய்ந்தவுடன் தண்டு உள்ளே இழுக்கப்படும். நின்றவுடன் வில்சுருள் அதனைத் திருப்பித் தள்ளும். மின்சாரத்தால் திறக்கும் கதவுப் பூட்டுகளில் இதனைக் காணலாம். இரண்டாவது, இவ்வியக்கியால் திறந்து மூடப்படும் வால்வு. அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் யந்திரங்களில் காற்றைத் திருப்பிவிடுவது இதுவே. செயற்கைக் கோள்களின் திசையைத் திருத்தும் சிறு உந்திகளுக்கு எரிபொருளை விடுவதும் நிறுத்துவதும் இவ்வகை வால்வே. தொழிலாளர் பேச்சில் வால்வு என்ற சொல் உதிர்ந்து, ‘சாலினாய்டு’ மாத்திரமே நிற்கின்றது.

ஆக, பாடநூலின் சுருள், தண்டை இழுக்கும் இயக்கி, காற்று வால்வு ஆகிய மூன்றிற்கும் ஒரே சொல் வழங்குகின்றது. ஆங்கில விதிநூலைத் தமிழாக்குவோர் பாடநூலைப் பார்த்து எல்லா இடங்களிலும் ‘வரிச்சுருள்’ என்று எழுதிவிட்டால், தண்டுக்கு விதிக்கப்பட்ட எல்லை காற்று வால்வையும் கட்டுப்படுத்துவதாக மாணாக்கர் எண்ணுவர். ‘மின்காந்தம்’ என்று எழுதினாலோ, விதியில் சொல்லப்படாத ஒரு சாதனம் விதிக்குள் புகுந்துவிடும். கேரளத்தில் பள்ளிப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளில் வெளியாகின்றன. தாய்மொழியில் படித்துவிட்டு ஆங்கில விதிநூலின்கீழ்ப் போட்டியிடும் மாணாக்கனுக்கு இக்குழப்பம் மற்றவரைவிட அதிகம். ஆகவே ‘தண்டிழுக்கும் சுருள்’, ‘மின்வால்வு’, ‘மின்காந்தம்’ என மூன்றையும் பிரித்து எழுதுதல் பொருத்தமாகும்.

விதிகளின் மூவகை

போட்டி விதிகள் எவ்வளவு நீண்டிருப்பினும், இச்சாதனங்களைப் பொறுத்தவரை அவற்றை மூன்று வகையில் அடக்கிவிடலாம்.

முதல் வகை, பொருளைக் கட்டுப்படுத்தும் விதி. அமெரிக்காவில் தோன்றிப் பல நாடுகளில் பரவியுள்ள ‘ஃபர்ஸ்ட்’ என்னும் அமைப்பின் போட்டி இதற்கு நல்ல உதாரணம். அதன் விதிநூல் அனுமதிக்கப்பட்ட மோட்டார்களையும் இயக்கிகளையும் பட்டியலிடும். பட்டியலில் இல்லாதது கூடாது. தண்டிழுக்கும் சுருளைப்பற்றி அந்நூலின் பல ஆண்டுப் பதிப்புகளில் காணப்படும் நிபந்தனைகள் இரண்டு: தண்டின் ஓட்டம் 1 அங்குலத்திற்கு மேற்படலாகாது, 12 வோல்ட்டில் இடைவிடாது இயங்குவதற்குக் குறிக்கப்பட்ட மின்திறன் 10 வாட்டுக்கு மேற்படலாகாது.

இரண்டாம் வகை, சக்தியைக் கட்டுப்படுத்தும் விதி. எந்தப் பொருளையும் கொண்டு வரலாம். ஆனால் மின்னழுத்தம் இத்தனை வோல்ட், காற்றழுத்தம் இவ்வளவு என எல்லை வகுக்கப்படும். ஆசிய பசிபிக் ஒலிபரப்புச் சங்கம் 2002 முதல் நடத்திவரும் ‘ரோபோகான்’ போட்டியின் போக்கு பெரும்பாலும் இதுவே. இதன் சர்வதேசப் போட்டி 2008-இலும் 2014-இலும் நம் நாட்டில் புனே நகரில் நடைபெற்றது.

மூன்றாம் வகை, விளைவைக் கட்டுப்படுத்தும் விதி. ‘ரோபோகப்’ கால்பந்தாட்டத்தின் சிறுரக யந்திரப் பிரிவில் 18 சென்டிமீட்டர் விட்டத்திற்கு உட்பட்ட யந்திரங்கள் கோல்ப் பந்தை உதைத்து ஆடுகின்றன. உதைப்பது பெரும்பாலும் தண்டுள்ள சுருளே. அதன் வலிமையைப் பற்றி விதி அதிகம் பேசுவதில்லை. பந்தின் வேகத்திற்கே எல்லை வகுக்கின்றது. முன்னர் விநாடிக்கு 8 மீட்டராக இருந்த எல்லை பின்னர் 6.5 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

எந்த வகை விதி என்று முதலில் அறிந்துகொள்ளாமல் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடுவது வீண். அனுமதிப் பட்டியல் உள்ள விதிநூலில் மௌனம் மறுப்பாகும். தடைப் பட்டியல் மட்டும் உள்ள விதிநூலில் மௌனம் அனுமதியாகும். மின்காந்தம் என்ற சொல்லே இல்லாத இரு விதிநூல்கள் ஒன்றற்கொன்று நேர்மாறான விடையைத் தருவதற்குக் காரணம் இதுவே.

அசைவது எது?

பட்டியல் உள்ள விதிநூலில் மின்காந்தம் குறிப்பிடப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அபிப்பிராயங்கள் தோன்றும். மின்காந்தத்தில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. ஆகவே அது இயக்கியன்று, சாதாரண மின்சுற்றுக்குரிய விதிகளே அதற்குப் பொருந்தும் என்பது ஒன்று. மின்காந்தம் விசையைச் செலுத்துகின்றது. விசையால் வேலை நிகழ்கின்றது. ஆகவே அது இயக்கியே, பட்டியலில் இன்மையால் கூடாது என்பது மற்றொன்று.

இரண்டிற்கும் நடுவே நின்று ஆராய்வதற்கு ஒரு கேள்வி உதவும். மின்சாரம் பாயும்போது அசைவது எது? யந்திரத்திலேயே கீலிட்டுப் பொருத்திய இரும்புத் தகட்டைக் காந்தம் இழுத்து, அத்தகடு ஒரு கையை நகர்த்துமாயின், பெயர் எதுவாயினும் அது இயக்கியே. தண்டு சுருளுக்குள் ஓடினாலும், தகடு சுருளுக்கு வெளியே ஓடினாலும் பௌதிகம் ஒன்றுதான். அத்தகடு நகரும் தூரத்தையே ‘ஓட்டம்’ எனக் கொண்டு அளக்க வேண்டும். மாறாக, யந்திரத்தின் கை ஒரு மோட்டாரால் இறக்கப்பட்டு, அதன் நுனியிலுள்ள மின்காந்தம் ஆட்டப்பொருளைத் தொட்டுப் பற்றிக்கொள்ள மட்டுமே செய்யுமாயின், அது பிடிகருவி. அதற்கு ஓட்டம் என்பதே இல்லை. ஓட்டத்தைப் பற்றிய நிபந்தனை அதனைத் தீண்டாது. மின்திறனைப் பற்றிய நிபந்தனையோ சூட்டையும் மின்னோட்டத்தையும் கருதியதாகலின், அதற்கும் பொருந்துவதாகக் கொள்வதே நியாயம்.

இவ்வாறு பகுத்துப் பார்ப்பது விதியின் உத்தேசத்தை அறிய உதவுமேயன்றி, அனுமதி வழங்கும் அதிகாரத்தை நமக்குத் தந்துவிடாது. பட்டியலில் இல்லாத பொருளைப் பற்றிப் போட்டி நடத்துவோரிடம் கேட்டே தீர வேண்டும்.

10 வாட் என்பதன் பொருள்

‘இடைவிடாது இயங்குவதற்குக் குறிக்கப்பட்ட மின்திறன்’ என்னும் தொடரில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளுண்டு. இது யந்திரம் ஒரு கணத்தில் உட்கொள்ளும் திறனன்று. சுருள் நாள் முழுதும் கெடாமல் தாங்கக்கூடியதென்று அதனைச் செய்தவர் குறித்திருக்கும் அளவு. பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே இயங்க வேண்டுமெனக் குறிக்கப்பட்ட சுருள், அச்சிறு நேரத்தில் 100 வாட்டையும் உட்கொள்ளலாம். சராசரி 10 வாட்டுதானே என்று வாதாடுவது பொருந்தாது. அச்சுருள் இடைவிடாது இயங்குவதற்குரியதே அன்று.

கையால் சுற்றிய சுருளுக்குக் குறிப்புச் சீட்டு இராது. அங்கு ஓமின் விதி துணைசெய்யும். 12 வோல்ட்டில் 10 வாட் என்பது 0.83 ஆம்பியர், அதற்குரிய மின்தடை 14.4 ஓம். அளவுமானி 14.4 ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் சுருள் எல்லையை மீறுகின்றது. 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.24 ஓம். ஆகவே சுமார் 60 மீட்டர் கம்பி வேண்டும். சுற்றின் சராசரி விட்டம் 2 சென்டிமீட்டராயின் இது ஏறத்தாழ 950 சுற்றுகளாகும்.

இங்கே மாணாக்கர் பெரும்பாலும் ஓர் எண்ணத்தால் ஏமாறுகின்றனர். கம்பியைக் குறைத்தால் மின்னோட்டம் மிகும், எனவே இழுவிசையும் மிகும் என்று அவர்கள் கருதுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். 30 மீட்டர் கம்பியை மட்டும் சுற்றினால் தடை பாதியாகி மின்னோட்டம் இரட்டிக்கும், சுற்றுகளும் பாதியாகும். காந்தத்தின் வலிமை மின்னோட்டத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பெருக்கி வருவது, அப்பெருக்குத்தொகை மாறவில்லை. உட்கொள்ளும் திறனோ 20 வாட்டாகிச் சூடு இரட்டிக்கின்றது. அதாவது, ஒரே கம்பியும் ஒரே மின்கலமும் கொண்டு விதியை மீறியவன் பெற்ற இலாபம் சூடு ஒன்றே. இழுவிசையை மிகுவிக்க விரும்புவோர் காந்தத்திற்கும் பொருளுக்கும் இடையிலுள்ள வெளியைக் குறைத்தல் வேண்டும். இடைவெளி சிறிது விரிந்தாலும் விசை மளமளவெனக் குறையும். முனையும் தகடும் வழவழப்பாகப் பொருந்தி, அவற்றிடையே காந்தப்புலம் 1 டெஸ்லாவாயின், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 4 கிலோகிராம் எடையைத் தாங்கும் விசை கிடைக்கும். இடையிலே ஒட்டிய வர்ணப் பூச்சும் துருவும் இவ்விசையை வெகுவாகக் குறைத்துவிடும்.

சூட்டைப் பற்றியும் ஒரு சொல். செப்பின் வெப்பநிலை 60 டிகிரி உயர்ந்தால் 14.4 ஓம் தடை ஏறத்தாழ 17.8 ஓமாகும். மின்னோட்டம் ஐந்தில் நான்கு பங்காகக் குறையும். இழுவிசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். காலையில் பொருளைத் தூக்கிய காந்தம் பிற்பகல் ஆட்டத்தில் அதைத் தவறவிடுவதற்கு இதுவே காரணமாகலாம். நடுவர்மீது குறைகூறிப் பயனில்லை.

விதிக்குப் பின்னுள்ள அபாயங்கள்

விதியைப் பொருள்கொள்வோர், அது எந்த அபாயத்தைக் கருதி எழுதப்பட்டதென எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுருளைப் பொறுத்தவரை அபாயங்கள் நான்கு.

முதலாவது சூடு. இரண்டாவது, சுற்றைத் துண்டிக்கும்போது எழும் மின்னழுத்தம். சுருளில் தேங்கிய காந்த சக்தி ஒரு கணத்தில் வெளிப்படுவதால், 12 வோல்ட் சுற்றிலும் சில நூறு வோல்ட் தோன்றக்கூடும். நுண்ணிய மின்னணு உறுப்புகள் கருகிவிடும். சுருளின் இரு முனைகளுக்கு இடையே ஒரு டையோடைத் தலைகீழாக இணைத்தால் இது அடங்கும்.

மூன்றாவது, மின்தேக்கியில் சேர்த்துவைக்கும் சக்தி. மேற்கூறிய கால்பந்தாட்டத்தில் 46 கிராம் எடையுள்ள கோல்ப் பந்து விநாடிக்கு 6.5 மீட்டர் வேகத்தில் செல்வதற்கு வேண்டிய சக்தி 1 ஜூல்தான். ஆனால் சுருளுக்குத் தரும் மின்சக்தியில் மிகச் சிறு பங்கே பந்தைச் சேருமாகையால், ஆடுவோர் மின்தேக்கிகளை உயர்ந்த அழுத்தத்தில் நிரப்புகின்றனர். 2,000 மைக்ரோபாரடு கொள்ளளவை 200 வோல்ட்டுக்கு நிரப்பினால் 40 ஜூல் அடங்கும். பந்தைப் பொறுத்து விதியை மீறாத யந்திரம், அதைத் திறந்து பழுதுபார்ப்பவரின் உயிருக்கே ஆபத்தாகலாம். விளைவை மட்டும் அளக்கும் விதி இங்கே போதாது. மின்னழுத்தத்திற்கும் எல்லை வேண்டும். பள்ளி மாணாக்கர் இத்தகைய உயர் அழுத்தத்தில் கைவைத்தலே கூடாது.

நான்காவது, காந்தம் பிறருக்குச் செய்யும் இடையூறு. தென்னிந்தியாவில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. மின்காந்தத்தின் முனையிலுள்ள 1 டெஸ்லாவில் இது 25,000-இல் ஒரு பங்கு. திசையறிய மின்னணுத் திசைகாட்டியை நம்பும் எதிர்க்குழுவின் யந்திரம், அருகே வரும் மின்காந்தத்தால் வழிதவறக்கூடும். அகத்தியமலையில் புரூன் அளந்த நுண்ணிய புலம் இத்தகையதே. மேலும், அவசர நிறுத்த விசையை அழுத்தியதும் மின்காந்தம் பற்றிய பொருளை விட்டுவிடும் என்பதையும், கடின எஃகால் செய்த உள்ளகமாயின் காந்தம் எஞ்சி நின்று பொருளை விடாமலே இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். உள்ளகத்திற்குத் தேனிரும்பே ஏற்றது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து ஆசிரியர்களும் போட்டி நடத்துவோரும் கைக்கொள்ளத்தக்க முறைகள் சில பெறப்படுகின்றன.

போட்டி நடத்துவோர் விதிநூலின் தொடக்கத்திலேயே ‘சாலினாய்டு’ என்னும் சொல்லை எப்பொருளில் வழங்குகின்றனர் எனக் கூறிவிட வேண்டும். மின்காந்தம் அனுமதிக்கப்படுமா, படாதா என ஒரு வரி தனியே எழுதுதல் நூறு சச்சரவுகளைத் தடுக்கும். திறனுக்கு எல்லை விதித்தால், அதனை அளக்கும் முறையையும், குளிர்ந்த நிலையில் அளப்பதா சூடான நிலையில் அளப்பதா என்பதையும் உடன் குறிப்பிட வேண்டும்.

ஆசிரியர், யந்திரத்தைக் கட்டத் தொடங்குவதற்கு முன்னரே சந்தேகத்தை எழுத்து மூலம் கேட்டல் வேண்டும். பெரிய போட்டிகள் பலவும் கேள்வி விடைத் தொகுப்புகளை எல்லாக் குழுக்களும் காண வெளியிடுகின்றன. அவை விதிநூலோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. கேள்வியில் சாதனத்தின் பெயரை மட்டும் எழுதாமல், அசையும் உறுப்பு எது, அது நகரும் தூரம், மின்னழுத்தம், தடை, ஒருமுறை இயங்கும் நேரம் ஆகிய ஐந்தையும் குறித்தால் விடை தெளிவாக வரும். பெற்ற விடையின் பிரதியைப் போட்டி நாளன்று கையில் வைத்திருத்தல் நலம். சென்ற ஆண்டு கிடைத்த அனுமதி இவ்வாண்டும் செல்லும் என்று கொள்ளலாகாது.

சோதனை செய்யும் நடுவர், விலக்குவதற்கு முன் விதியின் எண்ணையும் தாம் அளந்த அளவையும் மாணாக்கருக்குக் காட்டுதல் வேண்டும். “14.4 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 7.2 ஓம் உள்ளது” என்று எடுத்துக் காட்டினால், சிறுவர் அதனை ஏற்பது மட்டுமன்று, மறுநாளே 30 மீட்டர் கம்பியைக் கூடுதலாகச் சுற்றிக்கொண்டு வருவர். திருத்துவதற்கு இவ்வாறு ஒரு வாய்ப்பளிப்பது பள்ளிப் போட்டிகளில் வழக்கமாக வேண்டும். கம்பி ஒரு சுருள், மின்தடை அளக்கும் மானி ஒன்று, தேனிரும்பு ஆணி ஒன்று ஆகியவை இருந்தால் மேலே கண்ட கணக்குகளை எந்தப் பள்ளியிலும் ஒரு பாடவேளையில் செய்து காட்டிவிடலாம். அப்போது சுருளை ஒரு நிமிஷத்திற்கு மேல் இணைத்து வைக்காதிருத்தலும், ஆசிரியர் தாமே முதலில் அதன் சூட்டைச் சோதித்துப் பார்த்தலும் அவசியம்.